பச்சை மரமும் மட்கிய மரமும்: பால்மரத் தோட்டங்கள் நமக்கு விட்டுச்சென்ற மண்பாடம்



பள்ளித் தோட்டம் அமைக்கும் பணி தொடங்கும்போதெல்லாம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு கேள்வி தவறாமல் எழுவதைக் கண்டு வருகிறேன். பள்ளி வளாகத்தில் வெட்டி வீழ்த்திய மரம் ஒன்று கிடக்கிறது. மேட்டுப்பாத்தி அமைப்பதற்கோ மண் போதவில்லை. மரத்துண்டுகளை அடியில் போட்டு, மேலே மண்ணை நிரப்பிவிட்டால் என்ன? இளைய பெற்றோர் இணையத்தில் காணொளிகளைக் கண்டுவிட்டு, "மரம் மட்கினால் உரம்தானே ஐயா" என்பார்கள். தோட்டப்புறத்தில் வளர்ந்த பெரியவர்களோ, "பச்சைக் கட்டையைப் புதைக்காதீர்கள், கறையான் வரும், வேர்நோய் வரும்" என்று தடுப்பார்கள்.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. இவ்விரண்டு உண்மைகளும் எங்கே சந்திக்கின்றன என்பதை அறிய நாம் வெளிநாட்டு நூல்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. மண்ணுக்குள் கிடக்கும் மரம் பயிருக்கு உணவாகுமா, பகையாகுமா என்னும் கேள்வியை நூறாண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்த நாடு நம்முடையது. அதற்கான விடையைத் தேடி மண்ணைத் தோண்டிய கைகளுள் பெரும்பாலானவை தமிழர் கைகள். அந்த வரலாற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

காட்டை அழித்த காலம்

1877-ஆம் ஆண்டில் இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் சில சிங்கப்பூரிலும், சில பேராக் மாநிலத்தின் கோலகங்சாரிலும் நடப்பட்டன. 1896-ஆம் ஆண்டில் மலாக்காவில் டான் சாய் யான் என்பவர் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அடுத்த இருபது ஆண்டுகளில் மலாயாவின் மேற்குக் கரை நெடுகிலும் காடுகள் வீழ்ந்தன. தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கப்பல் கப்பலாக வந்து இறங்கியதும் இக்காலத்தில்தான்.

காட்டை வெட்டிச் சாய்ப்பார்கள். சில வாரங்கள் காயவிட்டுத் தீ வைப்பார்கள். ஆனால் மழைக்காட்டின் பெருமரங்கள் ஒரே தீயில் சாம்பலாவதில்லை. கருகிய அடிமரங்கள் நிலத்தின் மேல் கிடக்கும். அடிக்கட்டைகளும் வேர்களும் நிலத்தின் கீழே அப்படியே இருக்கும். அவற்றிற்கு இடையேதான் ரப்பர் கன்றுகளை நட்டார்கள். அவ்வகையில், தொடக்ககால ரப்பர் தோட்டம் ஒவ்வொன்றும் பச்சை மரத்தைப் புதைத்து அதன்மேல் பயிரிட்ட ஒரு மாபெரும் பாத்தியே.

இறந்த மரம் உயிருள்ள மரத்திற்குத் தீங்கு செய்யக்கூடும் என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற எச்.என்.ரிட்லி, மறு ஆண்டே தென்னைகளை அழிக்கும் வண்டுகளைப் பற்றி அறிக்கை எழுதினார். காண்டாமிருக வண்டு முட்டையிடுவது மட்கிக்கொண்டிருக்கும் மரத்தண்டுகளிலும் குப்பைக் குவியல்களிலும்தான். ஆகவே, விழுந்த தென்னையை அப்படியே மட்கவிட்டவர் அண்டை வீட்டாரின் தென்னைக்கும் கேடு விளைவித்தவர் ஆனார். ரப்பருக்கு வந்த பகையோ வேறு வகை. 1904-ஆம் ஆண்டில் அதே சிங்கப்பூர்ப் பூங்காவின் ரப்பர் மரங்களில் வேரை அழுகச் செய்யும் ஒரு பூஞ்சையை ரிட்லி பதிவு செய்தார். இன்று நாம் வெள்ளை வேர்நோய் என்று அழைப்பது அதைத்தான்.

வெள்ளை நூலைத் தேடியவர்கள்

இப்பூஞ்சையின் வாழ்க்கையைச் சற்று விளக்கமாகக் காண்பது நல்லது. நம் கேள்விக்கான விடையின் பாதி இதில்தான் அடங்கியிருக்கிறது.

மரம் வெட்டப்பட்டவுடன் அடிக்கட்டையின் வெட்டுமுகம் ஈரமாகவும் மாவுச்சத்து நிறைந்தும் இருக்கும். காற்றில் வரும் பூஞ்சை வித்துகள் அங்கே விழுந்து முளைக்கின்றன. கட்டைக்குள் இறங்கி வேர்வரை சென்றபின், வேரின் மேற்பரப்பில் வெள்ளை நூல்களாகப் படர்கின்றன. பக்கத்து மரத்தின் உயிருள்ள வேர் அக்கட்டையின் வேரைத் தொட்டுக்கொண்டிருந்தால், நூல் அங்கே தாவும். மேலே இலை மஞ்சளாகத் தோன்றும்போது கீழே வேர் ஏற்கெனவே அழுகியிருக்கும்.

பூஞ்சை நூலுக்குத் தனித்து வாழும் வலிமை குறைவு. பின்னால் ஒரு கட்டை உணவு அளித்துக்கொண்டே இருந்தால்தான் அது முன்னேறிச் சென்று உயிருள்ள வேரைத் தாக்க இயலும். கட்டை பெரிதாகவும் பச்சையாகவும் இருந்தால் நோய் ஆண்டுக்கணக்கில் தங்கும். கட்டை சிறிதாகவும் முற்றிலும் மட்கியதாகவும் இருந்தால் நோய்க்குத் தங்குமிடம் இல்லை. வேறு தீங்கற்ற பூஞ்சைகள் முன்னதாகவே குடியேறி உண்டு முடித்த மரத்தில் வெள்ளை வேர்நோய்க்கு மிஞ்சுவது எதுவுமில்லை.

1925-இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. வேளாண்மைத் துறையின் பூஞ்சையியல் அறிஞர் ஷார்ப்பிள்ஸ் 1936-இல் ரப்பர் மரத்தின் நோய்களையும் பூச்சிகளையும் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். தோட்டங்களில் வேர்களைத் தோண்டி எடுத்து எரித்தார்கள். நோயுற்ற மரத்தைச் சுற்றிக் குழி வெட்டித் தனிமைப்படுத்தினார்கள். பிற்காலத்தில் புதிய வெட்டுமுகத்தில் கிரியோசோட் என்னும் தார் எண்ணெயைப் பூசி, பூஞ்சையின் வாசலை அடைத்தார்கள். மரங்களுக்கிடையே பியூரேரியா, கலப்பகோனியம் போன்ற அவரைக் குடும்பக் கொடிகளைப் படரவிட்டார்கள். இக்கொடிகளின் நிழலில் தரை ஈரமாக இருப்பதால் கட்டைகள் விரைந்து மட்கின; பூஞ்சையின் ஆற்றலும் வீணாகச் செலவானது. மரத்தை அகற்றுவதற்கு மாறாக மரத்தை விரைவில் மட்கச் செய்வதும் ஒரு நோய்த்தடுப்பு முறையே என்னும் அறிவு இவ்வாறு உருவானது.

இந்த அறிவு ஆய்வுக்கூடத்தில் மட்டும் பிறந்ததன்று. என் தந்தையார் இளமையில் வேர்நோய் பார்க்கும் கூட்டத்தில் வேலை செய்தவர். ஒவ்வொரு மரத்தடியிலும் மண்ணை விலக்கி, பக்க வேரைத் தடவி, வெள்ளை நூல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. நாள் முழுவதும் குனிந்தே நடக்க வேண்டும். "தூரத்து இலையைப் பார்த்துச் சொல்வதற்குள் காரியம் கெட்டுவிடும்; தூரைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும்" என்பார். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றபோது நூலகத்தில் பூஞ்சை நூலைப் பற்றிப் படித்ததெல்லாம் அவர் சொன்னவற்றுக்கு விளக்கவுரையாகவே எனக்குத் தோன்றியது. நூல்களில் அறிஞர் பெயர்கள் இருக்கின்றன. வேரைத் தோண்டியவர்களின் பெயர்கள் இல்லை.

பள்ளியும் பாத்தியும் ஒரே சட்டத்தில்

நம் தமிழ்ப்பள்ளிகளுக்கும் காய்கறிப் பாத்திக்கும் உள்ள உறவு பழைமையானது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் ஒரு பள்ளியை அமைக்க வேண்டும் என்றது. குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைக் காய்கறி பயிரிடவோ ஆடுமாடு மேய்க்கவோ ஒதுக்க வேண்டும் என்னும் விதியும் மலாயாவின் தொழிலாளர் சட்டத்தில் இருந்தது. அது ஏறத்தாழ 2,700 சதுர அடி. சட்டத்தில் இருந்தவையெல்லாம் எல்லாத் தோட்டங்களிலும் நடைமுறைக்கு வந்தன என்று கொள்ளலாகாது. ஆயினும், லயத்துக்குப் பின்னால் கீரைப்பாத்தியும் மரவள்ளியும் முருங்கையும் நிற்கும் காட்சி நம் பெற்றோர் பலருக்கு இன்றும் நினைவில் இருக்கும்.

அங்கே பாத்தியை மேடாகக் கட்டியதற்குக் காரணம் மழை. ஒரு மணி நேரத்துப் பெருமழையில் சமதளப் பாத்தியின் வேர் மூழ்கிவிடும். மேடாகக் கட்டினால் நீர் வடியும். ஆனால் மேட்டின் மண் மழையோடு கரையும். ஆகவே தழை, சாணம், சாம்பல், மட்கு என ஏதேனும் ஒன்றைத் தொடர்ந்து போட வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப்போர் மலாயாவை எட்டுவதற்குச் சற்று முன்னர், சிங்கப்பூர்ச் சுகாதாரத் துறையின் உயர் அதிகாரியான டாக்டர் ஷார்ஃப், தம் துறையில் பணியாற்றிய ஏறத்தாழ 500 தமிழ்த் தொழிலாளர்களையும் அவர்களின் குடும்பங்களையும் மட்குரம் இட்டுக் காய்கறி பயிரிட ஊக்குவித்தார். அவ்வுணவை உண்ட குடும்பங்களின் உடல்நலம் கண்கூடாக முன்னேறியது என்று அவர் எழுதினார். ஒரு மருத்துவரின் நேரடிக் கவனிப்பு என்ற அளவில் இதை ஏற்கலாம். 1942-இல் ஜப்பானியர் ஆட்சி வந்ததும் அம்முயற்சி முடிந்துபோனது. நம் மக்கள் கைப்பட மட்குரம் செய்து பயிர் வளர்த்த இச்செய்தி பள்ளித் தோட்டத்தில் நின்றுகொண்டு சொல்லத் தக்கது என்பது என் கருத்து.

அந்த மட்குர முறைக்கு அடிப்படை அமைத்தவர் ஆல்பர்ட் ஹோவர்ட். அவர் இந்தியாவின் இந்தூரில் 1924 முதல் 1931 வரை ஆய்வு செய்தவர். பருத்திக் கட்டையும் துவரைக் கட்டையும் எளிதில் மட்கமாட்டா என்பதைக் கண்டு, அவற்றை ஆய்வுப் பண்ணையின் பாதையில் பரப்பி, மாட்டுவண்டிகள் ஏறி நசுக்கிய பிறகே குவியலில் சேர்த்தார். கட்டை மண்ணுக்குள் போவதற்கு முன்பே உடைந்து, ஊறி, மட்கத் தொடங்கியிருக்க வேண்டும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

ஏன் இலை மஞ்சளாகிறது?

நம் கேள்விக்கான விடையின் மறுபாதி இங்கே இருக்கிறது. இதில் நோயும் இல்லை, பூச்சியும் இல்லை, கணக்கு மட்டுமே.

மரத்தில் கார்பன் மிகுதி. நைட்ரஜன் மிகக் குறைவு. ஒரு பங்கு நைட்ரஜனுக்குப் பல நூறு பங்கு கார்பன் இருக்கும். பசுந்தழையிலோ ஒரு பங்குக்கு இருபது பங்கு அளவில்தான் இருக்கும். மரத்தை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தம் உடலைக் கட்டிக்கொள்ள நைட்ரஜன் வேண்டும். மரத்தில் கிடைக்காதபோது அவை சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதே நைட்ரஜனுக்காகத்தான் கீரையின் வேரும் காத்திருக்கிறது. போட்டியில் நுண்ணுயிரே வெல்லும். கீரை வெளிறி, குட்டையாகி நின்றுவிடும். 1920-களில் அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மன் போன்ற மண் நுண்ணுயிரியல் அறிஞர்கள் இந்தக் கார்பன்–நைட்ரஜன் உறவைத் தெளிவுபடுத்தினார்கள். பின்னாளில் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்துக்காக 1952-இல் நோபல் பரிசு பெற்றவரும் இவரே.

நுண்ணுயிர்கள் எடுத்துக்கொண்ட நைட்ரஜன் அழிந்துவிடுவதில்லை. கார்பன் மூச்சுக் காற்றாக வெளியேறிக்கொண்டே இருக்க, மரம் சுருங்கி மட்காகிறது. இறுதியில் நுண்ணுயிர்கள் மடியும்போது அந்த நைட்ரஜன் மண்ணுக்குத் திரும்புகிறது. ஆக, பச்சை மரம் பயிரிடமிருந்து கடன் வாங்குகிறது. மட்கிய மரம் அக்கடனைத் திருப்பித் தருகிறது. கடன் தீரும் காலம் துண்டின் பருமனைப் பொறுத்தது. மண்ணோடு கலந்த பச்சை மரத்தூள் உடனடியாகவும் கடுமையாகவும் கடன் வாங்கும். ஆழத்தில் கிடக்கும் பெரிய கட்டை மெதுவாகவே வாங்கும். ஆனால் பல ஆண்டுகள் வாங்கும். மண்ணின் மேல் மூடாக்காகப் பரப்பிய மரச்சீவலோ மேற்பரப்பில் மட்டுமே வாங்குவதால், கீழே உள்ள வேருக்குப் பெரிய இழப்பில்லை.

விறகிலிருந்து மேசைக்கு, தீயிலிருந்து சீவலுக்கு

ரப்பர் மரத்திற்கே உரிய ஓர் இயல்பையும் சொல்லிவிடுகிறேன். அதில் சர்க்கரையும் மாவுச்சத்தும் மிகுதி. வெட்டிய சில நாட்களிலேயே நீலக்கறைப் பூஞ்சை பற்றும். துளையிடும் சிறு வண்டுகள் நுழையும். அதனால்தான் அது நெடுங்காலம் வெறும் விறகாகவே கருதப்பட்டது. 1967-இல் பிறையில் இயங்கத் தொடங்கிய மலாயாவாத்தா உருக்காலை, ரப்பர் மரக் கரியைக் கொண்டு இரும்பு உருக்கியது. போரான் உப்பை அழுத்தத்தில் ஏற்றிப் பதப்படுத்தும் முறை பரவிய பிறகுதான் 1980-களில் அம்மரம் ஏற்றுமதித் தளவாடமாக மாறியது. பதப்படுத்தாத ரப்பர் பலகையால் பாத்திக்கு விளிம்பு கட்டினால் ஏன் விரைவில் உளுத்துவிடுகிறது என்பதற்கு விளக்கம் இதுவே.

ரப்பர் இருந்த இடங்களில் செம்பனை வந்தது. மறுநடவின்போது பழைய மரங்களை எரிப்பதுதான் வழக்கமாக இருந்தது. 1980-களின் பிற்பகுதியில் செம்பனைத் தண்டுகளைச் சீவி, வரிசையாகக் குவித்து மட்கவிடும் எரிக்காத முறை மலேசியாவில் பெருந்தோட்ட அளவில் நடைமுறைக்கு வந்தது. 1997-இன் பெரும் புகைமூட்டத்தை நம்மில் யாரும் மறந்திருக்கமாட்டோம். 1998-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திருத்தப்பட்டுத் திறந்தவெளி எரிப்புக்குத் தடை கடுமையானது.

எரிக்காத முறை மண்ணுக்கு நன்மை தந்தது. அதே வேளையில், ரிட்லி 1889-இல் எழுதிய வண்டு திரும்பி வந்தது. மட்கும் செம்பனைத் தண்டு அதற்குச் சிறந்த தொட்டில் அன்றோ! அதனால்தான் தண்டைச் சிறு சீவல்களாக்குவதும், அதன்மேல் கொடியைப் படரவிட்டு மறைப்பதும் கட்டாயமாயின. இவ்வண்டைக் கட்டுப்படுத்தும் வைரஸ் 1963-இல் கண்டறியப்பட்டதும் நம் நாட்டில்தான். அலோயிஸ் ஹூகர் என்னும் அறிஞர் இங்கு கண்டறிந்த அது, பின்னர் பசிபிக் தீவுகளின் தென்னைகளைக் காக்கவும் கொண்டு செல்லப்பட்டது. மட்கிய மரமும் முற்றிலும் ஆபத்தற்றதன்று என்பதையே இவ்வரலாறு காட்டுகிறது.

நம் பள்ளிப் பாத்திக்கு

ஐரோப்பாவில் ஜெர்மானியத் தோட்டக்காரர்கள் மரக்கட்டைகளை அடியில் வைத்து மேடு கட்டும் முறையைப் பரப்பினார்கள். ஆஸ்திரியாவின் செப் ஹோல்சர் அதை உலகறியச் செய்தார். இன்று காணொளிகளில் நாம் காண்பது பெரும்பாலும் அம்முறையே. குளிர்நாட்டில் கட்டை மெதுவாக மட்கும். செம்பனைத் தோட்டமோ ரப்பர் வேரோ அங்கில்லை. நம் சூழலுக்கு ஏற்ப அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

நான் என் மாணவர்களோடு கடைப்பிடிப்பவை இவை:

1. கையால் நசுக்கினால் உதிர்ந்து, காட்டுமண் வாசம் வீசும் மரத்தை மட்டுமே வேர் படரும் மேல்மண்ணில் கலக்கலாம். நகத்தால் கீறினால் பசுமையோ பாலோ தெரியும் மரத்தைக் கலக்கக்கூடாது.

2. பச்சை மரம் மட்டுமே இருந்தால், சிறு துண்டுகளாக்கி நிழலில் குவித்து, கோழி எருவும் பசுந்தழையும் சேர்த்து மட்கவிடலாம். அல்லது சீவலாக்கி மண்ணின்மேல் மூடாக்காகப் பரப்பலாம்.

3. பாத்தியின் அடியை நிரப்பக் கட்டை வேண்டுமென்றால், பாதி மட்கியதாகவும் வேரெட்டாத ஆழத்திலும் இருக்கட்டும். முதல் பருவத்தில் கீரைக்கு மாறாகப் பயற்றங்காய் நடுங்கள். அவரைக் குடும்பச் செடிகள் காற்றின் நைட்ரஜனை வேர்முடிச்சுகளில் சேர்த்துக்கொள்பவை. ஆண்டுதோறும் பாத்தி தாழும். மண் சேர்க்க வேண்டும்.

4. பழைய ரப்பர் வேர்களையும் அடிக்கட்டைகளையும் புதைக்க வேண்டா. கீரைக்கு வெள்ளை வேர்நோய் பெரிதன்று. மரவள்ளிக்கும் பலாவுக்கும் அது பகை.

5. மட்குக் குவியலை மாதந்தோறும் புரட்டிப் பாருங்கள். அரைவட்டமாகச் சுருண்ட பருத்த வெள்ளைப் புழுக்கள் தென்பட்டால் பொறுக்கி அகற்றுங்கள். குவியலும் கட்டைகளும் பள்ளிக் கட்டடத்தின் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டா. கறையானுக்கு அதுவே பாலம்.

பிள்ளைகள் நட்ட கீரை வெளிறி நின்றால், "எங்கள் கைக்கு ராசியில்லை, ஐயா" என்று சொல்லிவிட்டு மறுவாரம் தோட்டத்துப் பக்கமே வரமாட்டார்கள். காரணம் தெரிந்தால் அதே பிள்ளைகள் மண்ணைத் தோண்டிப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். அறிவியல் பாடமும் வரலாற்றுப் பாடமும் ஒரே பாத்தியில் நடக்கும்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தோட்டத்து வேலை பார்த்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால், மறுநடவுக் காலத்தில் கட்டைகளை என்ன செய்தார்கள், வேர்நோயை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். சொல்வதை ஒரு பயிற்றுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் செய்யுங்கள். எந்த ஆய்வு நூலிலும் இடம்பெறாத பெயர்கள் அப்புத்தகத்திலாவது இருக்கட்டும். அப்படி எழுதி வருபவற்றைப் பள்ளியின் அறிவியல் மூலையில் வைக்க ஆசிரியர்கள் இடம் ஒதுக்கினால் இன்னும் சிறப்பு.

அடுத்த பதிவில் சந்திப்போம்.